விலையைச் சுவரில் எழுதுங்கள்: மதுரை உணவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரில் உணவகம், மெஸ், இனிப்பகம், ஜிகர்தண்டா கடை, மாலை நேரச் சிற்றுண்டிக் கடை நடத்தும் பெருமக்களுக்கும், அவர்தம் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

மாதச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு, அவ்வப்போது ஒரு மாலையில் வெளியே போய்ச் சாப்பிட்டு வருகிற ஆயிரக்கணக்கான மதுரைக் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. சர்க்கரை நோயுள்ள என் மாமியார், என் கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். வீட்டு வரவு செலவு என் பொறுப்பில் இருக்கிறது. உங்களிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் உண்டு. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பண்டத்தின் விலையையும் அளவையும், நாங்கள் இருக்கையில் அமர்வதற்கு முன்பே கண்ணில் படும்படி, தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இவ்வளவு சிறிய கோரிக்கைக்கு ஒரு திறந்த மடல் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். சிறியதாகத் தோன்றும் இந்த ஒன்று இல்லாததனால் எங்களைப் போன்றவர்கள் எத்தனை இடத்தில் தயங்குகிறோம், எத்தனை கடைகளின் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே திரும்பி உப்புமா கிண்டிக்கொள்கிறோம் என்பது கல்லாவில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடைய வெளிச்சாப்பாடு விருந்து வகையைச் சேர்ந்ததல்ல. தெற்கு மாசி வீதியில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் நடந்து ஆளுக்கொரு டம்ளர் ஜிகர்தண்டா குடிப்பது, மழை தூறும் மாலையில் முள்ளுமுருங்கை வடைக்காக ஒரு தெருமுனையில் நிற்பது, சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் பருத்திப்பாலை மாமியாருக்குப் பாத்திரத்தில் வாங்கி வருவது, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும் இரவில் சூடான இட்லியும் நாலு வகைச் சட்னியுமாக முடித்துக்கொள்வது, எப்போதாவது சம்பளம் வந்த வாரத்தில் சிம்மக்கல் பக்கம் கறி தோசைக்குப் போவது என்பதுதான் எங்கள் வட்டம். இரவு பன்னிரண்டு மணிக்கும் கல் சூடாக இருக்கும் ஊர் என்று வெளியூரார் மதுரையை மெச்சுவது இந்தச் சின்னச் சின்ன வியாபாரத்தால்தான். இதைத் தாங்கி நிற்பது சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்லர். வருடம் முழுவதும் வந்து போகும் உள்ளூர்க் குடும்பங்களும்தான். அந்தக் குடும்பம் ஒரு கடைக்குள் நுழையும்போது அதன் செலவைக் கவனிப்பவரின் மனத்தில் ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகைக்குள் ஐந்து பேரும் நிறைவாகச் சாப்பிட முடியுமா என்று கூட்டிப் பார்க்க அவருக்குத் தேவைப்படுவது ஒரு விலைப்பட்டியல், அவ்வளவே.

முன்பெல்லாம் அது இருந்தது. சுவரில் மாட்டிய கரும்பலகையில் இட்லி, வடை, பொங்கல், ரவா தோசை, காபி என்று வரிசையாக எழுதி, எதிரே சாக்பீஸால் விலை போட்டிருப்பார்கள். பரிமாறுபவர் மேசைக்கு வந்து மூச்சு விடாமல் பதினைந்து பலகாரங்களின் பெயரை ஒப்பித்துவிட்டுப் போவார். அதில் விலை இருக்காது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அது சுவரில் இருந்தது. இன்றைக்கு ஒப்பிப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது, பலகை போய்விட்டது. அதன் இடத்தில் பல கடைகளில் மேசை மூலையில் ஒட்டிய கியூஆர் சதுரம் ஒன்று இருக்கிறது. அதைக் கைப்பேசியில் பிடித்தால் முதலில் படங்கள் வருகின்றன. விலையைத் தேடிக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. சிக்னல் கிடைக்காத உள் அறையில் அதுவும் வராது. என் மாமியார் வைத்திருப்பது பட்டன் போன். தன் தோசையின் விலையைத் தெரிந்துகொள்ள அவர் பேரனைக் கேட்க வேண்டும், பேரனோ படத்தில் இருக்கும் ஐஸ்கிரீமை விட்டு நகர மாட்டான். வேறு சில கடைகளில் அட்டை போட்ட பட்டியல் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள விலையின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் புது விலை எழுதி, அதையும் யாரோ சுரண்டி வைத்திருக்கிறார்கள்.

அசைவ மெஸ்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையின் பெருமையும் இந்தச் சங்கடமும் அங்கேதான் ஒன்றாகக் கூடுகின்றன. இலை போட்டுச் சோறு விழுந்ததும் பெரிய தட்டு ஒன்று வருகிறது. அதில் சிறுசிறு கிண்ணங்களில் சுக்கா, ஈரல், கோலா உருண்டை, விரால் வறுவல், நண்டு ஆம்லெட் என்று அடுக்கியிருக்கிறது. "அக்கா, அயிரை இன்னைக்கு நல்லாருக்கு, ஒண்ணு வைக்கவா?" என்று பரிமாறும் தம்பி அன்போடுதான் கேட்கிறார். பார்த்து, முகர்ந்து, தேர்ந்தெடுக்கும் அந்த முறை அழகானது. எந்த அச்சிட்ட பட்டியலும் அதற்கு ஈடாகாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டில் எந்தக் கிண்ணத்துக்கும் விலை இல்லை. அயிரை உயிரோடு வாங்கிச் சுத்தம் செய்து சமைக்க வேண்டிய சிறு மீன். வரத்தைப் பொறுத்து அதன் விலை ஏறி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் இன்றைய விலை என்ன என்பதைச் சொல்ல வேண்டிய கடமை அந்த ஏற்ற இறக்கத்தினாலேயே கூடுகிறது அல்லவா?

விலையை வாய்விட்டுக் கேட்டால் சொல்லத்தானே போகிறார்கள் என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். கேட்பதில்தான் சிக்கல். ஊரிலிருந்து வந்த சம்பந்தி எதிரே அமர்ந்திருக்கும்போது, பிள்ளைகள் ஆசையோடு தட்டைப் பார்க்கும்போது, அக்கம்பக்கத்து இலைக்காரர்கள் காதில் விழும்படி "இது எவ்வளவு?" என்று கேட்க நம் ஊரில் ஒரு குடும்பஸ்தர் கூசுவார். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல அதைவிடக் கூசுவார். ஆகவே தலையை ஆட்டிவிடுகிறார். பில் வந்ததும் முகம் மாறுகிறது. அந்த மாதம் முழுவதும் அந்தக் கடையின் பெயர் எங்கள் வீட்டில் வேறு தொனியில் சொல்லப்படுகிறது. சமையல் அருமையாக இருந்தும் ஒரு குடும்பம் மீண்டும் வராமல் போவதற்கு இது ஒரு காரணம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பல குடும்பங்கள் அமைதியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. குறை சொல்பவர் மிகச் சிலர். விலை சுவரில் இருந்துவிட்டால் அந்தக் கூச்சத்துக்கே வேலையில்லை. கணவர் பலகையை ஒரு முறை பார்த்துக்கொண்டு, "அயிரை வேண்டாம் தம்பி, கோலா ரெண்டு வைங்க" என்று நிமிர்ந்து சொல்லலாம்.

குளிரூட்டிய அறைக்கும் சாதாரண அறைக்கும் வெவ்வேறு விலை வைக்கும் கடைகள் உண்டு. குளிரூட்டுவதற்கு மின்சாரச் செலவு ஆகிறது. கூடுதலாக வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் கேட்டால், "ஜிஎஸ்டி மேடம்" என்று வரியின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். 2017 ஜூலையில் இந்த வரி வந்தபோது குளிர்சாதன வசதியுள்ள உணவகத்துக்கு 18 சதவீதம், இல்லாததற்கு 12 சதவீதம் என்ற வேறுபாடு இருந்தது உண்மை. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் நம்மைப் போன்றவர்கள் போகும் உணவகங்களுக்கெல்லாம், குளிரூட்டியது ஆனாலும் ஆகாவிட்டாலும், ஒரே 5 சதவீதம் ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக, சரக்கு வாங்கும்போது கட்டும் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் வசதியை நீங்கள் இழந்தீர்கள் என்பதும், அதனால் அடிப்படை விலையைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அறை வாசலில் இரண்டு விலையையும் எழுதிவிட்டால், எந்த அறையில் உட்காருவது என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்வோம். காம்போசிஷன் என்னும் எளிய முறையில், விற்பனையில் ஒரு சிறு பங்கை வரியாகத் தாமே கட்டும் சிறிய உணவகங்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. தாம் அந்த முறையில் இருப்பதை அறிவிப்பாக வைக்கவும் வேண்டும். அந்த அறிவிப்பைப் பெரும்பாலும் நான் பார்த்ததில்லை. சேவைக் கட்டணம் என்னும் வழக்கம் நம் ஊர்ச் சாதாரண உணவகங்களில் அதிகம் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்த உடனே, "மினரலா, சாதாவா?" என்ற கேள்வி வருகிறது, பல நேரங்களில் கேள்வி முடிவதற்குள் பாட்டில் மூடி திறக்கப்பட்டுவிடுகிறது. உணவகத்தில் அமர்ந்து அருந்தும் பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சட்டத்தை உங்கள் முன் நீட்ட நான் வரவில்லை. ஆனால் வந்தவருக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது நம் ஊர் உணவகத்தின் பழைய மரியாதை. எவர்சில்வர் டம்ளரில் சுத்திகரித்த நீரை ஊற்றி வைத்துவிட்டு, பாட்டில் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவதும், பாட்டிலின் விலையை அதே பலகையில் எழுதுவதும் பெரிய காரியமல்ல. கோடைக்காலத்தில் ஐந்து பேர் குடிக்கும் தண்ணீருக்கு ஆகும் செலவு ஒரு நெய்த்தோசைக்கு ஆகும் செலவை எட்டிவிடுகிறது.

விலையோடு அளவையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயருள்ள பண்டம் கடைக்குக் கடை வேறு வேறு உருவத்தில் வருகிறது. ஒரு கடையின் 'தோசை' என் மகளுக்கே போதாது. இன்னொரு கடையில் அதே விலைக்கு வருவதை மாமியாரும் அவளும் பகிர்ந்துகொண்டு மீதி வைக்கிறார்கள். பகிர்ந்து உண்பதையே சில இடங்களில் விரும்புவதில்லை. "ஷேரிங் அனுமதி இல்லை" என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கேட்கக் கேட்கச் சோறு போடும் முழுச் சாப்பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு நியாயம்தான். இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிட முடியாத ஒரு மூதாட்டிக்கும், பாதியில் எழுந்து கை கழுவப் போய்விடும் ஆறு வயதுப் பையனுக்கும் முழு விலைச் சாப்பாடு வாங்கத்தான் வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை. அளவுச் சாப்பாடு, அரை பிளேட், குட்டி தோசை என்று பலகையில் ஒரு வரி சேர்த்தால் வீணாகும் சோறும் குறையும். இப்படிச் செய்யும் சில கடைகள் ஊரில் உண்டு. அங்கேதான் பாட்டிகளை அதிகம் பார்க்கிறேன்.

இப்போது இனிப்புக்கு வருகிறேன். ஒரு கிலோ மைசூர்பாகு என்று கேட்டால், நல்ல கனமான அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, முள்ளைச் சுழிக்குக் கொண்டுவராமல், அதன் மேல் இனிப்பை அடுக்கி ஒரு கிலோ என்று மூடித் தருகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கிலோ 600 ரூபாய், பெட்டியின் எடை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த அட்டைக்கு நாங்கள் தரும் விலை 30 ரூபாய். தீபாவளிக்கு உறவினர்களுக்குக் கொடுக்கப் பத்துப் பெட்டி வாங்கினால் அரைக் கிலோ இனிப்பின் காசு அட்டைக்குப் போய்விடுகிறது. நிகர எடை என்பது உறையின் எடையைக் கழித்த எடைதான் என்பதில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் தெளிவாக இருக்கின்றன. நம் மாநிலத்தில் அதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. மின்தராசில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை இது. அழகிய பெட்டிக்குத் தனி விலை வேண்டுமானால் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டுபவர் கொடுப்பார், என்னைப் போன்றவர்கள் வாழையிலையில் கட்டிக் கொடுங்கள் என்போம். தராசின் எண்கள் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்படி திரும்பியிருப்பதையும் மாற்ற வேண்டும்.

இனிப்புத் தட்டுகளின் முன்னால் வைக்கும் சிறு சீட்டில் பெயரும் விலையும் இருக்கின்றன. இனிப்பகங்கள் இந்த அளவில் உணவகங்களைவிட மேல். அந்தச் சீட்டில் இன்னும் இரண்டு செய்திகள் வேண்டும். பொட்டலமிடாமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்பது நல்லது என்று காட்ட வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வந்த புதிதில் சில மாதங்கள் தேதி எழுதினார்கள். பிறகு மெல்ல மறைந்தது. நெய்யில் செய்த அல்வாவை ஒரு வாரம் வைத்துச் சாப்பிடலாம். பால் இனிப்புகளை அப்படி வைக்க முடியாது. இது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்தவர் ஜவுளிப் பையோடு பால் பண்டத்தையும் ரயிலில் இரண்டு இரவு கொண்டு போகிறார். அடுத்தது, எதில் செய்தது என்பது. நெய்யா, டால்டாவா, பாமாயிலா? 'ஸ்பெஷல்' என்ற அடைமொழி இதற்குப் பதிலாகாது. மூன்றுக்கும் அவரவர் வசதிக்கு ஏற்ப வாங்குவோர் இருக்கிறார்கள். எண்ணெயில் செய்ததை அப்படியே சொல்லி விலை குறைத்து விற்கும் கடைக்காரரை நான் மதிக்கிறேன். நெய்யின் விலைக்கு விற்றுவிட்டு மணத்துக்கு மட்டும் மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றுபவரை மதிக்க முடியவில்லை.

நிறத்தைப் பற்றிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அச்சம் வந்திருப்பதை நீங்களும் அறிவீர்கள். ரோடமைன் பி என்னும் சாயம் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது. அன்றிலிருந்து என் மகள் சிவப்பாக இருக்கும் எதைப் பார்த்தாலும், "இது கலரா, மிளகாயா?" என்று கேட்கிறாள். நிறம் சேர்க்காமல் சமைப்பவர்கள் 'செயற்கை நிறம் இல்லை' என்று அதே பலகையில் எழுதிவிட்டால் எங்கள் கவலை பாதி குறையும், உங்கள் வியாபாரம் கூடும். சேர்ப்பவர்கள் எழுத மாட்டார்கள்; எழுதாத பலகையிலிருந்து நாங்கள் புரிந்துகொள்வோம்.

ஜிகர்தண்டா கடைக்காரர்களிடம் எனக்குக் குறை அதிகம் இல்லை. சுண்டக் காய்ச்சிய பால், ஊறி உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் என்று அத்தனையும் நம் கண் முன்னாலேயே டம்ளரில் விழுகின்றன. விலையும் பெரும்பாலும் தலைக்கு மேலே எழுதியிருக்கிறது. சின்னது, பெரியது, ஸ்பெஷல் என்பவை எத்தனை மில்லி என்று மட்டும் சேர்த்துவிட்டால் போதும். இது கஞ்சத்தனத்தால் கேட்பதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. எங்கள் மேசையில் அவர்களில் ஒருவர் இருக்கிறார். மாமியாருக்கு இனிப்பை முற்றிலும் மறுத்துவிட்டு நாங்கள் மட்டும் குடிக்க மனம் வராது. அரை டம்ளர் அவருக்கு, அரை டம்ளர் எனக்கு என்று பிரித்துக்கொள்வோம். அளவு தெரிந்தால் அவரும் தன் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்வார். அல்வாக் கடைகளில் கையில் வைத்து உண்ண ஒரு சிறு துண்டு தரும் பழைய வழக்கம் இருக்கிறதே, அது அவரைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டது போலத் தோன்றும். அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் மறுமொழிகளையும் எண்ணிப் பார்த்தேன். விலைவாசி நிலையாக இல்லை, வணிக எரிவாயு உருளையின் விலை மாதத்தின் முதல் நாளில் மாறுகிறது, வெங்காயம் ஒரு வாரம் இருக்கும் விலையில் மறுவாரம் இருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் பலகையை அச்சடிக்க முடியுமா என்று ஒரு கடைக்காரர் என்னிடமே கேட்டார். அச்சடிக்க வேண்டாம், கரும்பலகையும் சாக்பீஸும் போதும். விலை ஏறினால் ஏறியதை எழுதுங்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக் குறைத்துவிடுவார் என்பது இன்னொரு கவலை. அவர் பிள்ளையை அனுப்பி ஒரு தோசை வாங்கினால் விலை தெரிந்துவிடப் போகிறது. மறைப்பதனால் தெரியாமல் போவது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். உணவு கொண்டுவந்து தரும் செயலிகளில் உங்கள் பண்டங்கள் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுத்தானே விற்கிறீர்கள்? முகம் தெரியாதவருக்குக் காட்டும் விலையை வாசலில் வந்து நிற்பவருக்கும் காட்டலாம். செயலியின் விலையும் கடையின் விலையும் வேறாக இருப்பதால் தயங்குகிறீர்கள் என்றால், கடையில் குறைவு என்பது தெரிவதில் உங்களுக்கு லாபமே.

2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் சுவரில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய் என்று எழுதியிருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே மானியம் இருந்தது, உங்களுக்கு இல்லை, விலையை ஒப்பிடவில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒருவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், தனக்கு எத்தனை இட்லி என்று முடிவு செய்துகொண்டு வரிசையில் நின்றதைத்தான் சொல்கிறேன். தள்ளுவண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். பருத்திப்பால் வண்டியின் கண்ணாடியில் பெயின்ட்டால் விலை எழுதியிருக்கிறது. வடைக்காரர் அட்டைத் துண்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். கடை பெரிதாகப் பெரிதாக விலை கண்ணிலிருந்து மறைவதுதான் எனக்குப் புரியாத விந்தை.

சங்க நிர்வாகிகளுக்குத் தனியாக ஒன்று. அதிகாரிகள் வந்து அபராதம் போடும்வரை காத்திருக்காமல், உறுப்பினர் கடைகள் அனைத்துக்கும் ஒரே மாதிரியான பலகையை நீங்களே வடிவமைத்துத் தரலாம். மேலே பண்டங்களும் விலையும் அளவும். கீழே தண்ணீர், வரி, பார்சல் கட்டணம். ஓரத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண். அந்த எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதலே விதி என்பதால் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. பார்சல் கட்டணத்தைக் கண்டிப்பாகச் சேருங்கள். சாம்பாரை நெகிழிப் பையில் ஊற்றுவது 2019 ஜனவரி முதல் இருக்கும் தடைக்கு எதிரானது. நாங்கள் தூக்குவாளி கொண்டுவந்தால் அந்தக் கட்டணம் இல்லை என்று ஒரு வரி இருந்தால், மதுரையின் பரண்களில் தூங்கும் பித்தளைத் தூக்குகள் எல்லாம் இறங்கி வரும்.

மாநகராட்சிக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன். தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது விலைப்பலகை இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களால் முடியும். ஆனால் இந்தக் கோரிக்கையைக் காட்டித் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டுவதற்கு ஒரு காரணம் உண்டாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கு உரிய இடத்தை உறுதி செய்திருக்கிறது. விலையை எழுதி வைப்பதில் அவர்கள் ஏற்கெனவே முன்னால் நிற்கிறார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் ஊருக்குள் வருவார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஆற்றங்கரையிலிருந்து மாசி வீதிகள் வரை ஒவ்வொரு கடையிலும் வெளியூர்க் குடும்பம் ஒன்று தயங்கி நிற்கும். வரும் திருவிழாவுக்கு முன்பாக, குறைந்தது மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் உள்ள கடைகளில் இந்தப் பலகைகள் ஏறிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்து, வாசலில் நிற்கும் அறுபது வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் இருக்கட்டும். முதலில் வைக்கும் கடை எது என்று தெரிந்தால், அந்த வார இறுதியில் நாங்கள் ஐந்து பேரும் அங்கேதான் சாப்பிடுவோம்.

இப்படிக்கு,
மதுரைக் குடும்பத்தலைவி ஒருத்தி